யாரும் காக்காத கதவு

ஒன்பதாம் அத்தியாயம்

"செத்தவன் பேசக் கூடாது."

"ஏன்?"

"உசுரோட இருக்கவனுக்குக் காலடிச் சத்தம் கேக்கணும்ல? நீ செத்ததும், 'ஐயோ அவன் அங்க நின்னான், இவன் இப்பிடி வந்தான்'னு மைக்குல கத்துனா, மிச்சம் நாலு பேருக்கும் ஒண்ணுமே கேக்காது. எங்க, எத்தன பேரு. அத மட்டும் சொல்லு. செத்த பொறகு வாய மூடிக்கிட்டு இரு."

"சொல்றதுக்கு முன்னாலயே செத்துட்டா?"

"அப்ப அது ஒன்னோடயே போயிரும்."

கலியாணம் முடிந்த மூன்றாவது வாரம், இதே நெட் கஃபேயில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் விளையாடும்போது, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து இஞ்ஞாசி தனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததாக அவன் மனைவி மரிய கொறற்றி சொன்னாள். கணவனின் வார்த்தைகளைச் சொல்லும்போது அவன் பேசுவதைப் போலவே கொஞ்சம் இழுத்துப் பேசினாள். அது அவளுக்கே தெரியவில்லை.

"நல்ல சட்டம்," என்றான் ஸஹாப்தீன். "எங்கட ஊட்டுல நான் உசுரோட இருக்கக்கொள்ளயே அந்தச் சட்டந்தான்."

மார்ஜரி அவனை ஒரு பார்வை பார்த்தார். ஸஹாப்தீன் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

மார்ஜரிக்கு ஐம்பத்து மூன்று வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் ஓப்பரேட்டராக இருந்தவர். மனிதர்கள் இல்லாமலே இணைப்புக் கொடுக்கும் மெஷின்கள் வந்ததும், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, காணாமல் போனவர்களைத் தேடத் தொடங்கினார். ஸஹாப்தீன் அவருடைய த்ரீவீல் சாரதி, உதவியாளன், கேட்காமலே கருத்துச் சொல்பவன்.

இஞ்ஞாசி காணாமல் போய் அன்றைக்கு எழுபத்தோரு நாள்.

அது 2008ஆம் ஆண்டு, யுத்தக் காலம். மாத்தளையில் ஒரு தமிழ்ப் பையன் வீடு திரும்பவில்லை என்றால், ஊரில் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. ஆள் கடத்தும் வான் ஒன்று வந்தது, ஏற்றியது, போனது. கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் வானின் நிறம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இஞ்ஞாசியின் அம்மா பொலிசில் எழுதிக்கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் வகாகோட்டை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவன் போவதற்கு நாற்பது நாள் முன்பு அந்த வீட்டில் இன்னொன்று நடந்திருந்தது. அவர்களுடைய ஏழு மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. அன்று மத்தியானம் இஞ்ஞாசி இதே நெட் கஃபேயில், கொழும்பு டீமோடு இறுதிப் போட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மேட்ச் நேரத்தில் ஐந்து பேரின் போன்களும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போய்விடும். ஒருவன் போன் அடித்தால் ஐந்து பேருக்கும் காது போய்விடும் என்று அந்தச் சட்டத்தைப் போட்டவனும் இஞ்ஞாசிதான். கொறற்றி எத்தனை முறை போன் அடித்தாள் என்பதை, மேட்ச் முடிந்து தகரத்தைத் திறந்தபோதுதான் பார்த்தான். கிண்ணத்தை வென்றிருந்தார்கள்.

"அதுக்குப் பொறகு அவன் வெளையாட வரல்ல," என்றார் கடைக்காரர் ஸக்கரியா. அவரும் அந்த டீமில் ஒருவர்; மற்றவர்களுக்கு 'நானா', அண்ணன். கொறற்றி உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசினார். "அவன் காணாமப் போன பொறகு ஒரு நாள் இந்தப் புள்ள வந்திச்சு. 'அவர்ட நாக்காலியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன், நானா'ண்டு கேட்டிச்சு. நான் வேணாண்டு எப்பிடிச் சொல்ற? அப்பிடியே ஒரு ரவுண்ட் வெளையாடிச்சு. அவன்ட திட்டம் எல்லாம் இதுக்குத் தலகீழப் பாடம். இப்ப இதுதான் எங்கட கெப்டன்."

"நீங்க நாலு பேர்தானே இருக்கீங்க? ஆட்டத்துக்கு அஞ்சு பேர் வேணுமில்லையா?" மார்ஜரி கேட்டார்.

"பழைய அஞ்சாவது பொடியன் வெளிநாட்டுக்குப் போயிட்டான் மிஸ். இப்ப அஞ்சாவது ஆள் வெளியில இருந்து வாறான். நெட்டுல. பேர் இல்ல, பேருக்குப் பதிலா ஒரு புள்ளி மட்டும் போட்டிருப்பான். நாங்களும் புள்ளிண்டுதான் சொல்ற. மைக்குல ஒரு வார்த்த பேசமாட்டான். இஞ்ஞாசி போய் ரெண்டு கெழமையில வந்து சேந்தான். நல்லா வெளையாடுவான், ஆனா அவன்ட லைன் மோசம். தவளை மாதிரிப் பாஞ்சு பாஞ்சு போவான்."

"எங்க நிப்பான்?"

ஸக்கரியா ஒரு பில் தாளைத் திருப்பிப் படம் போட்டார். ஆட்டத்தில் காக்க வேண்டியது ஒரு பெரிய ஸ்டோர் கட்டடம். உள்ளே வர மூன்று வழி. முன் கேட், மாடிப்படி, பின்னால் ஒரு சின்னக் கதவு. சமையலறைக் கதவு போலிருந்த அந்தச் சின்னக் கதவுக்கு இந்த டீம் வைத்த பேர் குசினிக் கதவு.

"முன் கேட் எனக்கு. மாடிப்படியில பல்லேபொலப் பொடியன்மார் ரெண்டு பேர், ரெட்டப் புள்ளைகள். நடுவுல கொறற்றி நிண்டு எந்தப் பக்கம் ஆபத்தோ அங்க போகும்."

"குசினிக் கதவு?"

"புள்ளி."

"யார் நிக்கச் சொன்னது?"

ஸக்கரியா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "யாரும் சொல்லல்ல. மொத நாள் நான் அந்தப் பக்கம் போகப் பாத்தேன். 'முன் கேட்ட விட்டு அசையாதீங்க நானா'ண்டு கொறற்றி சொல்லிச்சு. திரும்பிப் பாத்தா புள்ளி அங்க போய் நிக்கிறான்."

"முந்தி அங்க நின்றது யார்?"

 ஸக்கரியா தாளில் அந்தச் சின்னக் கதவைப் பென்சிலால் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டார்.

மார்ஜரி வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். ஸஹாப்தீன் பின்னாலேயே வந்தான்.

"மிஸ், அவன் உசுரோட இருக்கான் எண்டா சொல்றீங்க?"

"இருந்தா கிட்டத்தான் இருப்பான். வீட்டுல அவனோட அடையாள அட்டை கிடக்கு. அலுமாரியில, சட்டைக்குக் கீழ."

"அதைத்தானே மிஸ் எல்லாரும் சொல்றாங்க. ஐசி இல்லாம எவன் வெளிக்கிடுவான், அதனால புடிச்சிக்கிட்டுத்தான் போயிருக்காங்கண்டு."

"ஐசி இல்லாம ஒரு தமிழ்ப் பையன் தம்புள்ள தாண்ட முடியுமா?"

"ரெண்டு செக்பொயின்ட் தாண்டமாட்டான்."

"கண்டிப் பக்கம்?"

"அங்கயும் கஷ்டம்."

"அப்போ ஐசிய விட்டுட்டுப் போனவன் இந்த டிஸ்ட்ரிக்டுக்குள்ளதான் இருக்கணும். மாத்தளை டவுனில இருந்தா யாராவது கண்டிருப்பாங்க. வேற எங்க, போன் லைன்ல நெட் போட்டுக் குடுக்கிற கொமியூனிகேஷன் கடை இருக்கு?"

ஸஹாப்தீன் விரல் மடக்கினான். "பல்லேபொலயில ஒண்டு. நாலந்தாவுல ஒண்டு. கலேவெலயில ஒண்டு. மூணுக்கும் ஹயர் போயிருக்கேன். மூணு இடத்துக்கும் இண்டைக்கே போறதெண்டா பெற்றோல்..."

"போகத் தேவையில்ல. போன்ல கோல் எடுப்போம்."

"எடுத்து? 'இஞ்ஞாசி இருக்கானா, இருந்தா ஒளிஞ்சிருக்கச் சொல்லுங்க'ண்டா?"

மார்ஜரி முதல் தடவையாகச் சிரித்தார். "ஒண்ணும் கேக்க மாட்டேன். நெட் ஓடிக்கிட்டிருக்கிற லைனுக்கு வெளியில இருந்து ஒரு கோல் போனா, உள்ள ஒரு பீப் விழும். அந்த பீப்புக்கு நெட் அறுந்துரும். என் கையால எத்தனை பேரோட இணைப்பு அப்படி அறுந்திருக்குன்னு நினைக்கிறீங்க? நீங்க போய்க் கொறற்றிக்குப் பின்னால நில்லுங்க. புள்ளி திரையில இருந்து மறைஞ்சா கையைத் தூக்குங்க. அவளுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். அது அவன் இல்லன்னா, அவ இன்னொரு தடவ தாங்கமாட்டா."

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஸக்கரியாவின் கடையில் புதிய இணைப்பு; போனும் நெட்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. மார்ஜரி கவுண்டரில் டிரெக்டரியை விரித்து வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து கொறற்றியின் குரல் கேட்டது. வீட்டில் பேசும் குரல் அல்ல அது. வார்த்தைகள் சின்னச் சின்னதாக விழுந்தன. "மாடிப்படி, ரெண்டு. நானா, கேட்ல ஒண்ணு. அவ்வளவுதான்." சிங்களம் பாதி, தமிழ் பாதி. எக்ஸ்சேஞ்சில் நல்ல ஓப்பரேட்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று மார்ஜரி நினைத்தார். ஊரே தீப்பிடித்தாலும் குரலை உயர்த்தமாட்டார்கள்.

முதலில் பல்லேபொல. ஒருவர் எடுத்து, வெசாக் பண்டிகையின்போது திருத்தக் கொடுத்த கொம்பியூட்டர் இன்னும் வரவில்லை என்று சிங்களத்தில் சொன்னார்.

மார்ஜரி அதைத் திருப்பிச் சொல்ல, உள்ளறை வாசலில் நின்ற ஸஹாப்தீன் மெதுவாகச் சொன்னான்: "அடுத்த வெசாக்குக்கு வந்துரும்."

இரண்டாவது நாலந்தா. எங்கேஜ்ட். மறுபடியும் எங்கேஜ்ட். மூன்றாவது முறை ஒரு சிறுமி எடுத்தாள். மாமா ஒரு அக்காவோடு ஒரு மணி நேரமாகப் பேசிவிட்டு இப்போதுதான் வைத்தார், நெட் வேண்டுமானால் நாளைக்கு வரச் சொன்னார் என்றாள்.

மூன்றாவது கலேவெல. மார்ஜரி இலக்கத்தை அழுத்தினார்.

மணி போனது. ஒன்று. இரண்டு.

ஸஹாப்தீனின் கை மேலே போனது.

மார்ஜரி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே எட்டிப் பார்த்தார். திரையின் ஓரத்தில் இருந்த ஐந்து பெயர்கள் நான்காகியிருந்தன.  கொறற்றி, எதிரிகள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் நடுவை விட்டுவிட்டு ஓடினாள். குசினிக் கதவுக்குப் போய் நின்றாள். அங்கே யாரும் வரவில்லை. மாடிப்படியில் இரட்டையர் இருவரும் விழுந்தார்கள், முன் கேட்டில் ஸக்கரியா விழுந்தார். கடைசியில் பின்னாலிருந்து வந்து அவளையும் சுட்டார்கள். அதுவரை அவள் கதவைவிட்டு நகரவில்லை.

"என்னா மகள், எங்க போனீங்க?" ஸக்கரியா ஹெட்போனைக் கழற்றினார். "நடுவுல ஆள் இல்லாம நாங்க..."

அவள் திரையில் ஐந்தாவது பெயர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ஜரியின் காதில் ஒரு பெண் குரல் வந்தது. "ஹலோ, ஹமீமா கொமியூனிகேஷன், கலேவெல. கொஞ்சம் பொறுத்து எடுத்திருக்கலாமே? நெட்டுல ஒரு ஆள் இருந்திச்சு. அறுந்துபோச்சு. பாவம், ஏசவும் தெரியாத மனுசன்."

"யாருங்க அவர்?"

"யாருக்குத் தெரியும்? பக்கத்து மில்லுல நெல்லு மூட்ட தூக்குறாரு. மூணு மணியாகிட்டா வந்துருவாரு. பேர் கேட்டாச் சிரிப்பாரு. ஒங்களுக்கு என்னா வேணும், போட்டோ கொப்பியா?"

"இல்லீங்க," என்றார் மார்ஜரி. "நாங்க நேர்லயே வாறோம்."

த்ரீவீல் நாலந்தாப் பக்கமாகப் போய்க் கலேவெலப் பாதையில் திரும்பியது. இறப்பர் மரங்களும் கொக்கோவும் பின்னால் போய், காற்று காய்ந்து சூடானது. ஸஹாப்தீன் வழக்கமாக ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரு கதை வைத்திருப்பான். அன்று கண்ணாடியில் பின் சீட்டைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக வந்தான்.

மார்ஜரிதான் பேச்சைத் தொடங்கினார்.

"'கலேவெலக்குப் போறோம், வா'ன்னு சொன்னேன். ஏன்னு நீ கேக்கல்ல."

கொறற்றி சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத நாள் ஸக்கரியா அந்தக் கதவுக்குப் போகப் பாத்தப்ப நீ தடுத்திருக்க. பேர் தெரியாத ஒருத்தன நம்பி எந்தக் கெப்டனும் ஒரு கதவத் தெறந்து விடமாட்டா. இன்னைக்கு அவன் லைன் அறுந்ததும் நீ எல்லாத்தையும் விட்டுட்டு அங்க போய் நின்ன. புள்ளி யாருன்னு நான் கண்டுபிடிச்சேன்னு நெனச்சேன். ஒனக்கு எப்பயிருந்து தெரியும்?"

த்ரீவீல் ஒரு குழியில் விழுந்து எழுந்தது.

"மொத நாள்லயிருந்தே மிஸ்."

ஸஹாப்தீனின் கால் பிரேக்கில் அழுந்தியது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனது.

"ஒரு கதவ எட்டிப் பாக்கிறதுக்கு முன்னால அவரு ரெண்டு அடி பின்னால வைப்பாரு," என்றாள் கொறற்றி. "வேற யாரும் அப்பிடிச் செய்ய மாட்டாங்க. பாத்ததும் தெரிஞ்சிருச்சு."

"அப்ப ஏன் மறைச்ச?"

"சொன்னா நானா மைக்குல பேசுவாரு. மாமி வந்து மைக்குக்கிட்ட நின்னு அழுவாங்க. அவரு அந்தக் கதவையும் விட்டுட்டு எங்கயாவது போயிருவாரு." அவள் குரல் ஆட்டத்தில் கேட்டதைப் போலவே சின்னச் சின்னதாக வந்தது. "எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது மிஸ். அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்தேன். ஆனா மூணு மணிக்கு உசுரோட இருக்காருன்னு தெரியும். அத யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வரல்ல."

"மாமிக்குக் கூடவா?"

"மாமிகிட்ட தெனமும் சொல்றேன், அவரு இருக்காரு மாமின்னு. நான் விசுவாசத்துல சொல்றேன்னு நெனச்சுக்கிறாங்க."

மார்ஜரி அவள் கையைப் பிடித்தார். இருபத்தாறு வருஷம் மற்றவர்களின் பேச்சை நடுவில் நின்று கேட்டவர். இன்று அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் ஸஹாப்தீன் தொண்டையைச் செருமினான். "மிஸ், அப்ப நாங்க கண்டுபுடிச்சது வெறும் விலாசந்தானா?"

"வெறும் விலாசந்தான், ஸஹாப்தீன்."

"நல்லது," என்றான் அவன். கடைத்தெரு வரும்வரை வேகத்தைக் குறைக்கவில்லை.

ஹமீமா கொமியூனிகேஷன் ஒரு உரக்கடைக்கும் ரைஸ் மில்லுக்கும் நடுவில் இருந்தது. முன்னால் போட்டோ கொப்பி மெஷின், உள்ளே தடுப்புப் பலகைக்குப் பின்னால் இரண்டு கொம்பியூட்டர்கள். முழுக்கைச் சட்டையும் முக்காடும் அணிந்த ஹமீமா, வந்தவர்களையும் கொறற்றியின் முகத்தையும் பார்த்தார்.  உள்ளே கையைக் காட்டினார்.

இஞ்ஞாசி கடைசி நாற்காலியில் இருந்தான். இணைப்புக் கிடைக்காத திரையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்திலும் காதோரத்திலும் உமித் தூசு. படத்தில் மார்ஜரி பார்த்திருந்த பையனைவிடப் பத்து வயது கூடினவன்.

கொறற்றி தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

அவன் திரும்பினான். எழுந்த வேகத்தில் ஹெட்போன் கழுத்தில் இழுபட்டது. அதைக் கழற்றத் தெரியாமல் கழற்றினான். சுவர்ப் பக்கம் ஒரு அடி நகர்ந்தான். ஓடுவதற்கு அங்கே வழியில்லை.

"எப்பிடி வந்த?"

"த்ரீவீல்ல."

அவன் மார்ஜரியைப் பார்த்தான். அவர் ஸஹாப்தீனின் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் போட்டோ கொப்பி மெஷின் வரை பின்வாங்கினார்கள். அதற்கு மேல் போவதற்கு அந்தக் கடையில் இடமில்லை.

"ஒம் மொகத்தப் பாக்க ஏலாமத்தான் போனேன்," என்றான் இஞ்ஞாசி. "நீ ஒரு நாளும் ஏசல்ல. சோறு போட்டுக் குடுத்த. சட்டைய அயர்ன் பண்ணி வெச்ச. ஒவ்வொரு நாளும் இன்னைக்கு ஏசுவா, இன்னைக்கு ஏசுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போன தகரத்துக்குள்ள போடச் சொன்னவன் நான். வேற யாரும் இல்ல."

"தெரியும்."

"அப்ப இப்பவாவது ஏசு. இத்தன தூரம் அதுக்குத்தானே வந்திருப்ப? இவங்க முன்னாலயே ஏசு. செருப்பக் கழட்டி அடி. நான் அசையமாட்டேன்."

"ஏச வரல்லீங்க."

"வீட்டுக்குக் கூப்பிட வந்தியா? நான் வரமாட்டேன் கொறற்றி. அந்தத் தொட்டில் கெடந்த எடத்தத் தாண்டி என்னால நடக்க ஏலாது. அம்மாகிட்ட... அம்மாகிட்ட நான் இருக்கேன்னு மட்டும் சொல்லு."

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் சுவரில் சாய்ந்தான். ஹமீமா வெளியே போய், கடைக்கு வந்த ஒரு பாடசாலைப் பிள்ளையைப் பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பக்கத்து மில்லில் மெஷின் நின்றது. கடை திடீரென்று சின்னதாகிவிட்டது போலிருந்தது.

கொறற்றி தடுப்புப் பலகையைச் சுற்றி உள்ளே போனாள். அவன் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.  முகத்தை மட்டும் உயர்த்தி அவனைப் பார்த்தாள். 

"நாப்பது நாள் ஒரே வீட்டுல இருந்தோம்," என்றாள். "வந்தவங்க எல்லாரும் என்கிட்ட நீங்க எங்க இருந்தீங்கன்னுதான் கேட்டாங்க. நீங்க ஏன் போன் எடுக்கலன்னு கேட்டாங்க. சாமியாரும் அதத்தான் கேட்டாரு. ஒங்களுக்காகப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு நாள் போச்சு. நீங்களும் ஒங்களப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருந்துட்டீங்க. ஆஸ்பத்திரிக்குப் போன லொறியில என் மடியில பாப்பா இருந்தா. டிரைவர் முன்னால பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தாரு. பின்னால நானும் அவளும் மட்டுந்தான்."

இஞ்ஞாசியின் கை முகத்துக்குப் போனது.

"மொகத்த மூடாதீங்க. என்னப் பாருங்க." அவள் அவன் கையைப் பிடித்து இறக்கினாள். "ஏசவும் வரல்ல, கூப்பிடவும் வரல்ல. வாறதும் வராததும் ஒங்க இஷ்டம். அடக்கம் பண்ணின அன்னைலயிருந்து ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வந்துச்சு, நீங்க எழும்பி வெளிய போனீங்க."

"என்னா?"

"அன்னைக்கு லொறியில என்ன நடந்துச்சுன்னு என்னக் கேளுங்க. பாப்பா எப்பிடிப் போனான்னு கேளுங்க. நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லலீங்க."